இயந்திரத்தைத் திருத்தும்போது பிஸ்டனில் கரி படியாமற் காக்கும் முறை

நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் தம் தொழிலுக்கு நம்பியிருக்கும் இருசக்கர உழவு இயந்திரம், சில போகங்கள் உழைத்தபின் வலுக்குன்றுவதும், புகை கக்குவதும், காலையில் எளிதில் இயங்க மறுப்பதும் யாவரும் அறிந்ததே. அப்போது அதைக் கராஜுக்குக் கொண்டுசென்று ஹெட்டைக் கழற்றினால், பிஸ்டனின் தலை தார் பூசியதுபோற் கரி பிடித்திருக்கக் காணலாம். கரியைச் சுரண்டி, புதிய ரிங்குகளைப் பூட்டி, இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுதல் பல இடங்களிலும் உள்ள வழக்கம். இதற்காகும் செலவு சிறிதன்று. அவ்வாறு திருத்திய இயந்திரத்தை இரண்டு போகம் செல்லுமுன் மீண்டும் கழற்ற நேர்ந்தால், அதே கரி அதே இடத்திற் படிந்திருக்கும். கரி வந்த வழி அடைக்கப்படாமையே இதற்குக் காரணம்.

மாத்தளை மாவட்டத்துக் கமக்காரருக்கு இயந்திரம் நின்றுபோதல் பணச் செலவோடு முடிவதில்லை. 1976 ஆம் ஆண்டிற் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டபின், அந்நீர் உக்குவெலை மின்நிலையத்தைக் கடந்து, சுதுகங்கை வழியே போவத்தென்னை நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கிருந்து சுரங்கத்தின் மூலம் தம்புள்ளைப் பக்கத்துக்குஞ் செல்கின்றது. நீர் திறக்கும் நாளும் நிறுத்தும் நாளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முன்னதாகவே குறிக்கப்படுகின்றன. அந்நாட்களுக்குள் உழுது சேறடித்து முடிக்காதவர், பயிர் கதிர்விடும் வேளையில் நீரின்றித் தவிக்க நேரும். வாய்க்காலின் கடைக்கோடியில் வயலுடையவருக்கு நான்கு நாள் தாமதமும் பெரிது. ஆகவே இயந்திரத்தைப் போகத்துக்கு முன்னரே கழற்றித் திருத்துவதும், ஒரே முறையிற் செவ்வையாகத் திருத்துவதும் அவசியம்.

இவ்வியந்திரத்தை எம்மவர் இன்றும் லாண்ட்மாஸ்டர் என்றே அழைப்பர். 1950 களின் நடுப்பகுதியில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன வடிவமைத்து, இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்ட இயந்திரத்தின் பெயர் அது. இப்போது வயல்களிற் காண்பவை பெரும்பாலும் யப்பானிய, சீன வகைகளே. ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரம் பூட்டியவை. பெயர் எதுவாயினும் கீழே சொல்லப்படுவன அவற்றுக்குப் பொருந்தும்.

கரி எங்கிருந்து வருகின்றது

டீசல் இயந்திரம் முதலிற் காற்றை மட்டும் உள்ளே இழுத்து அமுக்குகின்றது. அமுக்கத்தாற் கடுஞ் சூடடைந்த அக்காற்றினுள் நொசில் டீசலை மென்தூறலாகப் பீச்ச, அது தானே தீப்பற்றி எரிகின்றது. ஒரு லீற்றர் டீசல் முழுதும் எரிய ஏறக்குறைய 12 கிலோகிராம் காற்று வேண்டும். அளவிற் சொன்னால் அது 10,000 லீற்றர் வரையாகும். இவ்வளவு காற்றுக் கிட்டாதபோதும், காற்றுப் போதிய சூடடையாதபோதும், டீசல் தூறலாக விழாமற் சொட்டாக விழும்போதும், ஒரு பங்கு எரியாது புகைக்கரியாகின்றது. இது முதல் வழி.

இரண்டாம் வழி ஒயில். பிஸ்டனுக்குக் கீழேயுள்ள ஒயில் சிலிண்டர்ச் சுவரை நனைத்து உராய்வைக் குறைக்கின்றது. மிகுந்த ஒயிலை ரிங்குகள் வழித்துக் கீழே இறக்க வேண்டும். அவை தம் கடமையைச் செய்யாவிடில், ஒயில் மேலேறி எரியறையிற் கருகிப் பிஸ்டன் தலையிலும் ரிங்குக் காடிகளிலும் ஒட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றும் நான்கு வீச்சு இயந்திரத்தில், ஒரு மணி நேரத்துக்கு 72,000 முறை எரிதல் நிகழ்கின்றது. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒயில் கசிந்தாலும், ஒரு போகத்தில் என்னவாகும் என்பதைக் கணித்துக்கொள்ளலாம்.

காடியிற் சேரும் கரியே மிகக் கொடியது. அது ரிங்கை அசையவிடாமல் இறுக்கிவிடும். இறுகிய ரிங்கு சுவரோடு பொருந்தாது. அமுக்கம் கீழே கசியும். ஒயில் இன்னும் மேலேறும். கரி இன்னும் மிகும். இச்சுழற்சி தொடங்கியபின் இயந்திரம் விரைவாகக் கெடும்.

கழற்றியவுடன் துடைக்க வேண்டாம்

ஹெட்டைக் கழற்றியதும் மண்ணெண்ணெயும் தூரிகையுமாகத் துப்புரவில் இறங்குவது மெக்கானிக்கின் பழக்கம். உரிமையாளர் அருகிலிருந்து, ஐந்து நிமிடம் பொறுக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கரியின் நிறமும் தன்மையும் இயந்திரத்தின் குறையைச் சொல்லும். துடைத்துவிட்டாற் சாட்சி அழிந்துவிடும்.

மெல்லிய, சாம்பல் அல்லது மங்கிய பழுப்பு நிறப் படிவு நன்கு உழைத்த இயந்திரத்துக்கு உரியது. அதையிட்டு அஞ்ச வேண்டியதில்லை. விரலால் தொட்டால் ஒட்டும் உலர்ந்த, மென்மையான கறுப்புப் புகைக்கரி, டீசல் முழுதும் எரியாததைக் காட்டும். நொசில், காற்று வடிகட்டி, பீச்சு நேரம் ஆகிய மூன்றிலே குறையைத் தேட வேண்டும். ஈரமாய்ப் பளபளத்து, கீழே கெட்டியாக இறுகிய கரி ஒயிலால் வந்தது. அது பிஸ்டன் விளிம்பைச் சுற்றி மிகுந்திருந்தால் ரிங்கு வழியாகவும், உள்ளிழு வால்வின் பின்புறத்தில் மிகுந்திருந்தால் வால்வுக் குழல் தேய்ந்தோ, காற்று வடிகட்டியில் ஒயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டோ வந்திருக்கும். கழற்றுவதற்கு முன் கண்ட புகையும் இதற்கு ஒத்துவரும்: கறும்புகை டீசலுக்கும், நீலப்புகை ஒயிலுக்கும் அடையாளம். வெண்புகை, காற்றுச் சூடேறாமையையோ, டீசல் காலந்தாழ்த்திப் பீச்சப்படுவதையோ, சிலவேளை நீர் கசிவதையோ காட்டும்.

கண்டதை ஒரு தாளிற் குறித்துக்கொள்க. அதன் பின்னர் துப்புரவைத் தொடங்கலாம்.

கரியை நீக்குதல்

பிஸ்டனை ஓர் இரவு மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவிட்டாற் கரி இளகும். பின் மூங்கிற் சீவலாலோ, கூர் மழுங்கிய மரத்துண்டாலோ சுரண்ட வேண்டும். பிஸ்டன் அலுமினியக் கலப்பு உலோகத்தாலானது. உளியாலும் இரும்புச் சுரண்டியாலும் கீறப்பட்ட தலையில், அக்கீறல்களையே பிடித்துக்கொண்டு புதுக்கரி விரைந்து படியும். அரத்தாளும் அதே கெடுதியைச் செய்வதோடு, அதன் மணல் அலுமினியத்திற் பதிந்திருந்து பின்னர் லைனரைத் தின்னும்.

கோஸ்டிக் சோடா நீரில் அவித்தால் கரி விரைவில் அகலும் என்பது உண்மை. இரும்பு ஹெட்டுக்கு அது தகும். அலுமினியப் பிஸ்டனை அதிலிட்டால் உலோகமே கரைந்து, காடிகள் அகன்று, பிஸ்டன் எறியத்தக்கதாகிவிடும். ஆகவே பிஸ்டனுக்கு ஒருபோதும் கோஸ்டிக் சோடா கூடாது.

காடிகளைத் துப்புரவாக்கப் பழைய ரிங்கொன்றை முறித்து, அதன் நுனியைச் சதுரமாகத் தேய்த்துப் பயன்படுத்துவது நம் கராஜுகளில் உள்ள நல்ல வழக்கம். கரி வந்ததும் நிறுத்த வேண்டும். உலோகத்தைச் சீவினால் காடி அகன்றுவிடும். அகன்ற காடியில் ரிங்கு மேலும் கீழும் ஆடி, ஒயிலை ஒரு பம்பியைப்போல் மேலே ஏற்றும்.

இனிச் சொல்வது சிறியதாகத் தோன்றினும் இப்பிரசுரத்திலுள்ள எல்லாவற்றினும் அதிகம் மறக்கப்படுவது. ஒயில் ரிங்கு அமரும் காடியின் அடியிற் சிறு துளைகள் உண்டு. ரிங்கு வழித்த ஒயில் இத்துளைகள் வழியே பிஸ்டனின் உட்புறம் சென்று கீழே வடிகின்றது. பழைய இயந்திரங்களில் இவை கரியால் அடைபட்டிருக்கும். துளைகளைத் திறவாமல் விலையுயர்ந்த புதிய ரிங்குகளைப் பூட்டினாலும் பயனில்லை. வழித்த ஒயிலுக்குப் போக்கிடமின்றி அது மேலேதான் ஏறும். துளைக்குப் பொருந்தும் மென்கம்பியைச் செலுத்தி ஒவ்வொன்றையும் திறந்து, வெளிச்சத்துக்கெதிரே பிடித்துப் பார்க்க வேண்டும்.

பிஸ்டன் விளிம்பிற் கரியை ஒரு வளையமாக விட்டுவைத்தால் ஒயிலைத் தடுக்கும் என்று சொல்லும் முதிய மெக்கானிக்குகள் உளர். லைனரையும் ரிங்கையும் தொடாமல் ஹெட்டை மட்டும் கழற்றிக் கரி எடுத்த காலத்து வழக்கம் அது. தேய்ந்த இயந்திரத்துக்கு ஓரளவு பயன்பட்டிருக்கலாம். ரிங்கு மாற்றும் முழுத்திருத்தத்தில் அதற்கு இடமில்லை. அக்கரி வளையம் லைனரின் மேற்பகுதியை உராய்ந்து கண்ணாடிபோல் மழுங்கச் செய்யும். மழுங்கிய சுவரில் ஒயில் நிலைக்காது, புதிய ரிங்கும் படியாது.

லைனரை அளத்தல்

தேய்ந்த லைனரிற் புதிய ரிங்கு பூட்டுதல், இற்ற சாக்கிற் புதிய நெல்லைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். லைனர் தேய்ந்துள்ளதா என்பதை உரிய அளவுகருவி இல்லாமலே கமக்காரர் தாமே அறிய வழியுண்டு. புதிய ரிங்கை லைனரினுள் இட்டு, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக நிறுத்தி, ரிங்கின் இரு வாய்களுக்கும் இடையேயுள்ள வெளியை பீலர் கேஜினால் அளக்க வேண்டும். முதலில் லைனரின் அடிப்பகுதியில், ரிங்கு செல்லாத இடத்தில் அளக்க. பின் மேற்பகுதியில், ரிங்கு திரும்பும் இடத்தில் அளக்க. இரண்டின் வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால், விட்டத்தில் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பது தெரியும். உதாரணமாக, அடியில் 0.3 மில்லிமீற்றரும் மேலே 0.9 மில்லிமீற்றரும் இருப்பின், வித்தியாசம் 0.6, தேய்வு ஏறக்குறைய 0.19 மில்லிமீற்றர். எல்லை அளவு ஒவ்வோர் இயந்திரத்தின் கைந்நூலிலும் தரப்பட்டிருக்கும். தேய்வு 0.2 மில்லிமீற்றரை நெருங்குமாயின் லைனரை மாற்றிவிடுதலே நன்று என்பது எம் கருத்து. அதில் மிச்சம் பிடிக்கும் பணம் ஒயிலாகவும் டீசலாகவும் போய்விடும்.

புதிய ரிங்கின் வாய் இடைவெளி, தேயாத லைனரில், இவ்வகை இயந்திரங்களிற் பெரும்பாலும் 0.3 முதல் 0.45 மில்லிமீற்றர் வரை இருக்கும். அதற்குக் குறைந்தால் சூட்டில் வாய்கள் முட்டி ரிங்கு முறியும். மிகுந்தால் அமுக்கம் கசியும்.

லைனர் மாற்ற வேண்டாத நிலையில் இருந்தாலும், அதன் பளபளப்பை அகற்றிக் குறுக்குமறுக்கான மென்கோடுகளைக் கல்லினால் இட வேண்டும். ரிங்கு படிவதற்கும் ஒயில் தங்குவதற்கும் அக்கோடுகள் உதவுகின்றன. கோடிட்டபின் மண்ணெண்ணெயால் மட்டும் கழுவிப் பூட்டுவது தவறு. மண்ணெண்ணெய் கல்லின் தூளைக் கோடுகளின் அடியிலிருந்து எடுப்பதில்லை. சவர்க்காரமும் வெந்நீரும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தாற் கறைபடாத வரை கழுவி, உலர்த்தி, உடனே ஒயில் பூச வேண்டும், காலந்தாழ்த்தினால் துருப்பிடிக்கும்.

பூட்டும்போது

ரிங்கிற் பொறிக்கப்பட்ட எழுத்தோ குறியோ பிஸ்டன் தலையை நோக்கியிருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டிய இரண்டாம் ரிங்கு ஒயிலை வழிப்பதற்குப் பதிலாக மேலே கொண்டுசெல்லும். ரிங்குகளின் வாய்கள் ஒன்றன்மேலொன்று நேராக வாராமல், மூன்று ரிங்காயின் வட்டத்தின் மூன்றிலொரு பங்கு விலகியிருத்தல் வேண்டும். பிஸ்டன் ஊசிக்கு நேரேயும், பிஸ்டன் சுவரில் அழுந்தும் பக்கத்திலும் வாய்களை வைக்கலாகாது.

ஹெட்டின் கீழிடும் தகடு இயந்திரத்துக்கு உரிய தடிப்பினதாக இருக்க வேண்டும். தடித்த தகடு அமுக்கத்தைக் குறைக்கும், அமுக்கம் குறைந்தாற் காற்றுச் சூடேறாது, டீசல் கருகும். ஈயக்கம்பித் துண்டைப் பிஸ்டன் தலையில் வைத்து ஹெட்டை இறுக்கி, இயந்திரத்தைக் கையாற் சுழற்றி, பின் கழற்றி நசுங்கிய கம்பியை அளந்தால், மேலே விடப்பட்ட வெளி கைந்நூலோடு ஒக்கின்றதா என அறியலாம். வால்வுகளை அரைத்து முடித்தபின், ஹெட்டைக் கவிழ்த்து வாயில்களில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் விட்டுப் பார்க்க. கசிந்தால் இன்னும் அரைக்க வேண்டும்.

நொசிலைப் பழையபடியே பூட்டிவிடுவது பெருங்குறை. அதைச் சோதனைக் கருவியிற் பூட்டி, தூறலைக் கண்ணாற் பார்க்க வேண்டும். நேரடியாகப் பீச்சும் இயந்திரங்களில் ஏறக்குறைய சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிலோகிராம் அழுத்தத்திலும், முன்னறை உள்ளவற்றில் அதனிலும் குறைந்த அழுத்தத்திலும் நொசில் திறக்கும். திறக்கும்போது புகைபோன்ற தூறலும், நின்றபின் நுனியிற் சொட்டின்மையும் நல்ல நொசிலின் இலக்கணம். சொட்டும் நொசிலை மாற்றாமல் பிஸ்டனுக்குச் செய்யும் செலவு யாவும் வீண். நொசிலின் அடியிலுள்ள செப்பு வளையத்தையும் கவனிக்க. பழைய வளையம் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேற் புதியதொன்றை இட்டுப் பூட்டினால் நொசில் பின்தள்ளி நின்று, தூறல் சுவரிற் பட்டுக் கரியாகும். விளக்கைப் பிடித்துக் குழியைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

தம்புள்ளை, கலேவெலப் பக்கங்களில் உலர்ந்த நிலத்தை உழும்போது எழும் புழுதியை அறியாதவர் இலர். காற்று வடிகட்டியின் கிண்ணத்து ஒயிலைத் திருத்தத்தின்போது கட்டாயமாக மாற்றி, குறியிட்ட மட்டத்துக்கு மட்டும் ஊற்ற வேண்டும். புழுதி உழவில் நாள்தோறும் பார்த்தலும் தகும். ரத்தோட்டைப் பக்கத்து அடுக்கு வயல்களில் இயந்திரம் சாய்ந்து நிற்பதால், ஒயில் மட்டத்தை அவ்விடத்திற் பார்த்தாற் பிழையான அளவே தெரியும். சமநிலத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். குறைவென எண்ணி மேலும் ஊற்றப்பட்ட ஒயில் எரியறைக்கே போய்ச் சேரும்.

முதல் 25 மணி நேரம்

புதிய ரிங்குகள் சுவரோடு படிவது முதற் சில மணி நேரங்களிலேயே. அவற்றைச் சுவரோடு அழுத்துவது ரிங்கின் இழுவிசை மாத்திரமன்று. அதன் பின்னே புகும் வாயுவின் அழுத்தமும் வேண்டும். இயந்திரம் ஓரளவு பாரம் இழுத்தாலன்றி அவ்வழுத்தம் தோன்றாது. புதிதாகத் திருத்திய இயந்திரத்தை “மெதுவாய் ஓடிப் பழகட்டும்” என்று வளவில் நிறுத்தி மணிக்கணக்காகச் சும்மா ஓடவிடுதல் இதனாற் கெடுதியானது. ரிங்கு படியாது; சுவர் மெருகேறும்; அன்றே கரி தொடங்கும். இயங்கச் செய்து, ஒயிலும் நீரும் சரிபார்த்து, சூடேறியதும் இலகுவான வேலையிற் பூட்டுக. வெறும் பெட்டியை இழுத்தல், முன்பு உழுத மென்னிலத்தைக் கிளறல் போன்றவை முதல் ஐந்தாறு மணி நேரத்துக்கு ஏற்றன. பின் படிப்படியாகப் பாரத்தைக் கூட்டலாம். முழு வேகத்திற் சேற்றுழவு 25 மணி நேரத்துக்குப் பின்னரே நன்று. அப்போது ஒயிலை மாற்றி, ஹெட்டு நட்டுகளைக் கைந்நூல் சொல்லும் அளவுக்கு மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளியையும் சரிசெய்ய வேண்டும்.

ஒயில் வாங்கும்போது டின்னிலுள்ள தரக்குறியைப் பார்க்க. டீசல் இயந்திரத்துக்கு உரியவை ‘சீ’ என்னும் எழுத்தில் தொடங்கும் குறியுடையன. அவற்றிற் சேர்க்கப்பட்ட பொருள் கரியைக் கரைசலாகத் தாங்கி, காடியிற் படியவிடாமற் காக்கும். அதனால் ஒயில் விரைவிற் கறுத்துப்போனால் அஞ்ச வேண்டியதில்லை. உதிரியாக விற்கும், பிறப்பறியாத ஒயிலைத் திருத்திய இயந்திரத்தில் ஊற்றலாகாது.

சும்மா ஓடவிடும் பழக்கம் பின்னரும் ஆகாது. பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிச் சென்று வரிசையிற் காத்திருக்கையில், இயந்திரத்தை நிறுத்திவிடலாம். மறுபடி இயக்குவது கடினம் என்ற எண்ணமே பலரைத் தடுக்கின்றது. செவ்வையாகத் திருத்திய இயந்திரம் சூட்டோடிருக்கையில் ஒரே சுழற்றில் இயங்கும். இயங்காவிடின் அதுவே ஒரு சோதனை.

மண்ணெண்ணெய் கலத்தல்

2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, டீசல் லீற்றர் 430 ரூபாவாகவும் மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவும் இருந்த நாட்களில், டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தோர் உளர். அவ்வாண்டு ஆகஸ்ட் 22 ஆம் திகதி மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அக்காலத்து நெருக்கடியில் வயலைக் காப்பாற்றச் செய்ததைக் குறைகூறுதற்கில்லை. எனினும் டீசல், பீச்சுப் பம்பிக்கும் நொசிலுக்கும் எரிபொருளாவதோடு மசகாகவும் உதவுகின்றது. மண்ணெண்ணெய்க்கு அக்குணம் குறைவு. கலப்பெரிபொருளில் ஒரு போகம் உழைத்த இயந்திரத்தைத் திருத்துவோர், பிஸ்டன் எப்படியிருப்பினும் பம்பியையும் நொசிலையும் சோதிப்பியாமல் விடலாகாது. தேய்ந்த நொசில் சொட்டும். சொட்டினால் என்ன நிகழும் என்பது மேலே சொல்லப்பட்டது.

கிணற்றருகே வைத்து மரக்கறித் தோட்டத்துக்கு நீரிறைக்கும் சிறிய மண்ணெண்ணெய்ப் பம்பிகள் வேறு வகையின. அவை பெற்றோலில் இயங்கத் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுவன. சூடேறுமுன் மாற்றினால் மண்ணெண்ணெய் ஆவியாகாது பிஸ்டன் தலையிலும் புகைபோக்கி வாயிலிலும் கரியாவதோடு, சுவர் வழியே இறங்கி ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போகுமாயின் இதுவே காரணம். உடனே மாற்றிவிட வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றி இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால், மறுநாட் காலையில் மண்ணெண்ணெய் தங்கிய இயந்திரத்தோடு போராட நேராது.

இயந்திரத்தைத் திருத்திய நாள், மாற்றிய உதிரிப்பாகங்கள், லைனரின் அளவு, ஒயில் மாற்றிய மணிக்கணக்கு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, இயந்திரத்தின் கைந்நூலோடு சேர்த்து வைத்துக்கொள்க. அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும் மெக்கானிக் வேறொருவராயினும், அக்கொப்பியைக் கண்டு வேலையைத் தொடங்கலாம்.